கனடாவுக்குப் பன்னிரண்டே மணி நேரமாம்: டிக்கெட் போடுமுன் கொஞ்சம் பாருங்கள்

பாளையங்கோட்டைப் பக்கம் ஏஜெண்டிடம் வெளிநாட்டு டிக்கெட் போடக் கொடுப்பவர்கள் இதைப் படித்துவிட்டுப் போங்கள்.

மகளின் பிரசவத்துக்காகச் சித்தப்பாவும் சித்தியும் டொராண்டோ போக வேண்டியிருந்தது. "அண்ணாச்சி, மத்த டிக்கெட்டெல்லாம் ஒரு நாள் முழுக்க இழுக்கும். இது பன்னிரண்டே மணி நேரம், ஒரு தூக்கம் போட்டு எந்திச்சா கனடா" என்று சொல்லி, தலைக்கு எட்டாயிரம் கூடுதலாக வாங்கியிருக்கிறார் ஏஜெண்ட்.

சென்னையில் காலை 4 மணிக்குக் கிளம்பினால் அன்றைக்கே மாலை 4 மணிக்கு டொராண்டோ. தாளில் பன்னிரண்டுதான். ஆனால் கோடையில் அந்த ஊர்க் கடிகாரம் நமக்கு ஒன்பதரை மணி நேரம் பின்னால் இருக்கும், குளிர்காலத்தில் பத்தரை. அவர்கள் போனது ஜூனில். ஆக, இருபத்தொன்றரை மணி நேரம்! நடுவில் விமானம் மாறும் துபாய் வரை இரண்டரை மணி நேரம் என்று ஏஜெண்ட் சொன்னதும் இதே வித்தைதான். பறப்பது நான்கு மணி நேரம், துபாய் நேரம் நமக்கு ஒன்றரை மணி பின்னால். அங்கே மூன்றரை மணி நேரம் காத்திருப்பு, அப்புறம் பதினான்கு மணி நேரம் ஒரே மூச்சில்.

நேரக் கணக்கு குழப்பினால் தூரத்தைப் பாருங்கள். சென்னையிலிருந்து டொராண்டோ நேர்க்கோட்டிலேயே சுமார் 13,400 கி.மீ., துபாய் சுற்றிப் போனால் 14,000. ஜெட் விமானம் மணிக்கு 900 கி.மீ. போகும் என்று வைத்தாலும் பதினைந்து மணி நேரத்துக்குக் குறையாது.

சித்தப்பாவுக்குச் சுகர். பன்னிரண்டு மணி நேரம்தானே என்று சித்தி கைப்பையில் ஒரு வேளை மாத்திரையை மட்டும் வைத்துக்கொண்டு மிச்சத்தைப் பெட்டிக்குள் போட்டுவிட்டார். டொராண்டோவில் இறங்கும்போது மனுஷனால் நிற்க முடியவில்லை.

இன்னொன்று. வாகைக்குளத்திலிருந்து, அதாவது தூத்துக்குடி விமான நிலையத்திலிருந்து, சென்னைக்குப் போட்டது தனி டிக்கெட். "எல்லாம் ஒண்ணுதான்" என்று ஏஜெண்ட் சொல்லியிருந்தார். வெளிநாட்டு டிக்கெட்டில் ஆளுக்கு 46 கிலோ, உள்நாட்டில் 15 கிலோ. கருப்பட்டி, பிரசவ மருந்து, அல்வா என்று கட்டிய பெட்டிகளுக்கு வாகைக்குளத்திலேயே தண்டம் அழுதார்கள். சென்னையில் பெட்டிகளை எடுத்து மறுபடி போட வேண்டும். முதல் விமானம் தாமதமாகி அடுத்ததைத் தவறவிட்டால் தனி டிக்கெட்டுக்கு யாரும் பொறுப்பில்லை. நல்லவேளை, அது நடக்கவில்லை.

ஏஜெண்டிடம் கேட்டதற்கு, "டிக்கெட்ல இருக்க டைமத்தானே சொன்னேன்" என்கிறார். அவர் வாட்ஸ்அப்பில் அனுப்பிய படத்தில் மொத்தப் பயண நேரம் போட்டிருந்த வரி மட்டும் வெட்டப்பட்டிருந்தது. விமான நிறுவனம் அனுப்பும் முழு டிக்கெட்டைக் கேட்டு வாங்குங்கள், அதில் அந்த வரி இருக்கும். கூடுதல் பணத்துக்கு ரசீதும் கிடையாது. பாதியைத் தருகிறேன் என்றார், வேண்டாம் என்று சொல்லிவிட்டு 1915 நுகர்வோர் உதவி எண்ணில் புகார் கொடுத்திருக்கிறோம்.