புள்ளி விழாத பலகை: வகுப்பறைத் தொடுதிரையுடன் சில ஆண்டுகள்

வேறொரு பள்ளியில் கணிதம் கற்பிக்கும் நண்பர் ஒருவர், தங்கள் வகுப்பறைகளுக்குத் தொடுதிரைப் பலகை வாங்கலாமா என்று கேட்டிருக்கிறார். எங்கள் வகுப்பிலுள்ள பலகை பழுதாகி, அதன் தொடுசட்டகத்தில் ஒரு பக்கம் முழுவதும் மாற்றப்பட்டு, இப்போதுதான் மீண்டும் சுவரேறியிருக்கிறது. எனவே பதில் சொல்ல இதைவிடப் பொருத்தமான நேரம் வாய்க்காது. திரையின் அளவு, துல்லியம், ஒலிபெருக்கி, உள்ளிருக்கும் கணினி ஆகியவற்றை விற்பனையாளர் தரும் தாளிலேயே படித்துக்கொள்ளலாம். அவற்றில் எனக்குக் குறையொன்றும் இல்லை. நாள்தோறும் அதன்முன் நின்று பாடம் நடத்துபவருக்கு மட்டுமே தெரியவரும் சிலவற்றைத்தான் இங்கே எழுதுகிறேன்.

முதலில் என் எரிச்சலைச் சொல்லிவிடுகிறேன். பலகையில் 3.05 என்று வழக்கமான வேகத்தில் எழுதினால், பாதி நேரம் அது 305 என்றே நிற்கிறது. −7 என்று எழுதினால், முன்னுள்ள சிறு கோடு சில வேளைகளில் பதிவதே இல்லை. என் கை புள்ளியை வைத்துவிட்டது, என் வாயும் அதைச் சொல்லிவிட்டது. ஆனால் பின்வரிசையில் அமர்ந்திருக்கும் மாணவர் பலகையில் கண்டதைத்தான் நோட்டில் எழுதுவார், அவர் எழுதியது தவறாகவே இருக்கும். தமிழாசிரியரான என் சக ஆசிரியைக்கு நிலைமை இன்னும் மோசம். மெய்யெழுத்தின் மேல் வைத்த புள்ளி விழாமல் போக, அவர் எழுதிய ‘கப்பல்’ திரையில் ‘கபபல’ என்று நிற்கிறது. ஒவ்வொரு வரியையும் முடித்த பிறகு, திரும்ப வந்து புள்ளிகளை மட்டும் இன்னொரு முறை குத்திக்கொண்டு போவது அவருக்கு வழக்கமாகிவிட்டது. எழுத்தைக் கற்றுக்கொண்டிருக்கும் சிறு வகுப்புக் குழந்தைகளின் கண்முன் இது நடக்கிறது என்பதை நினைக்கும்போது, இதைச் சின்னக் குறை என்று ஒதுக்கிவிட எனக்கு மனம் வரவில்லை.

இது பழுதினால் வருவது அன்று, அமைப்பிலேயே இருப்பது. வகுப்பறைக்கென விற்கப்படும் பெரிய தொடுதிரைகளில் பெரும்பாலானவற்றில் கண்ணாடிக்குத் தொடுவுணர்வு கிடையாது. சுற்றியுள்ள சட்டகத்தின் இரு பக்கங்களில் அகச்சிவப்பு ஒளியை உமிழும் டையோடுகளும், எதிர்ப்பக்கங்களில் அந்த ஒளியை உணரும் உணரிகளும் வரிசையாகப் பதிக்கப்பட்டிருக்கும். கண்ணாடிக்குச் சற்று மேலே கண்ணுக்குத் தெரியாத ஒளிவலையொன்று விரிந்திருக்கிறது. பேனாவோ விரலோ எந்தக் கதிர்களை மறிக்கிறது என்பதைக் கொண்டு, தொட்ட இடம் கணக்கிடப்படுகிறது. டையோடுகள் அடுத்தடுத்து ஒளிர்ந்து ஒரு சுற்று முடியச் சிறிது நேரம் பிடிக்கும். அதற்குள் வந்துபோய்விடும் குறுகிய தட்டலைச் சட்டகம் காணத் தவறலாம். கண்டாலும், தூசியோ பூச்சியோ உண்டாக்கிய பொய்த்தொடுகை என்று கருதி மென்பொருள் அதைத் தள்ளிவிடலாம். தசமப் புள்ளி மாட்டிக்கொள்வது இங்கேதான். ஒளிவலை கண்ணாடிக்கு மேலே இருப்பதால், பேனா கண்ணாடியைத் தொடுமுன்பே கோடு தொடங்கிவிடுகிறது, எடுத்த பின்னும் சற்று நீள்கிறது. எனவே கவனமாக, நிதானமாக வைத்த புள்ளியும் வால் முளைத்துக் காற்புள்ளியாகிவிடுவது உண்டு.

சட்டகத்தில் சில டையோடுகள் செயலிழந்ததுதான் அண்மையில் ஏற்பட்ட பழுது. பலகையின் நடுவே கிடைமட்டமாக ஒரு பட்டை குருடாகிவிட்டது. அதைக் கடக்கும் கோடெல்லாம் அங்கே அறுந்து, அப்பால் போய்த் தொடர்ந்தது. பின்னத்தின் நடுக்கோடு அந்தப் பட்டையில் விழுந்தால், மேலே ஓர் எண், கீழே ஓர் எண், இடையில் வெற்றிடம். பழுதுநீக்க வந்தவர் பொறுமைசாலி, வேலை தெரிந்தவர். சட்டகத்தின் அந்தப் பக்கத்து டையோடு வரிசையை முழுவதும் மாற்றி, ஒளி புகும் வடிகட்டியைத் துடைத்து, அளவுத்திருத்தம் செய்துகொடுத்தார். நேர்வெயில் விழும்போது உணரிகள் தடுமாறும் என்பதால் சன்னலுக்குத் திரை போடச் சொன்னார். கண்ணாடி துடைக்கும் நீர்மத்தைத் திரையில் தெளிக்காமல் துணியில் தெளித்துத் துடைக்க வேண்டும் என்றும் சொன்னார். இரண்டும் நல்ல அறிவுரைகள். புள்ளியைப் பற்றிக் கேட்டபோது மட்டும், “பேனாவைக் கொஞ்சம் அழுத்திப் பிடிச்சு எடுங்க சார், விழும்” என்றார். அவர் மீது எனக்கு வருத்தமில்லை. ஆனால் நிறுவனத்திடமிருந்தும் அதே பதில்தான், இது இந்த வகைத் திரையின் இயல்பு என்ற விளக்கத்தோடு, வந்தது. ஆசிரியரின் கைவேகத்துக்குக் கருவி ஈடுகொடுக்க வேண்டுமேயன்றி, கருவிக்காக ஆசிரியர் தம் எழுத்தின் நடையை மாற்றிக்கொள்ள வேண்டும் என்று எதிர்பார்ப்பது நியாயமாகாது. சாக்பீஸ் ஒருபோதும் இப்படிக் கேட்டதில்லை.

பெரியவர்களாவது பழகிக்கொள்கிறோம். பலகையில் எழுத வரும் குழந்தை உள்ளங்கையைத் திரையில் ஊன்றிக்கொண்டுதான் எழுதும். மறிக்கும் பொருளின் அகலத்தைக் கொண்டு இது பேனா, இது விரல், இது உள்ளங்கை என்று பிரித்தறியும் திரைகளில், உள்ளங்கையை அழிப்பானாக அமைத்திருப்பார்கள். ஆசிரியருக்கு வசதியான ஏற்பாடுதான். ஆனால் குழந்தை ஒரு கையால் எழுத எழுத, அதே கையின் அடிப்பகுதி முந்தைய வரியை அழித்துக்கொண்டே வருகிறது. அமைப்புகளுக்குள் சென்று அதை நிறுத்திவைக்க முடியும். மென்பொருள் புதுப்பிக்கப்படும்போதெல்லாம் அது தானாகவே பழைய நிலைக்குத் திரும்பிவிடுகிறது.

இவ்வளவுக்குப் பிறகும் இந்தப் பலகையை நான் விட்டுக்கொடுக்க மாட்டேன். அதற்குக் காரணம், வாங்கும்போது எவரும் பெரிதாக எடுத்துச் சொல்லாத ஒரு வசதி: எழுதிய பக்கம் அழிவதில்லை. கரும்பலகையில் ஒரு பாடம் அடுத்த பாடத்துக்கு இடம்விட்டு மறைந்தே ஆக வேண்டும். இங்கே ஆண்டு முழுவதும் எழுதியவை, என் கையெழுத்திலும் மாணவர்களின் கையெழுத்திலும், பக்கம் பக்கமாக இருக்கின்றன. பாடம் நடத்திக்கொண்டிருக்கும்போதே, சென்ற பருவத்தில் எழுதிய ஒன்றை எடுத்து அனைவர் முன்னும் வைக்க முடிகிறது. இதை நான் எதிர்பார்க்கவில்லை. இன்று இதில்லாமல் பாடத்தைத் திட்டமிட எனக்குத் தோன்றுவதே இல்லை.

ஓர் எடுத்துக்காட்டு. எங்கள் வகுப்பு மாணவி ஒருத்தி (a + b)² = a² + b² என்று பலகையில் எழுதியிருந்தாள். பல தலைமுறை மாணவர்கள் எழுதிவந்திருக்கும் சமன்பாடு அது. அன்று a = 2, b = 3 என்று இட்டுப்பார்த்து, ஒரு பக்கம் 25, மறு பக்கம் 13 என்று கண்டு, தவறு என்று ஒப்புக்கொண்டாள்; ஏன் தவறு என்பது அவளுக்குப் பிடிபடவில்லை. பிறகு இருபடிச் சமன்பாட்டை வர்க்க நிறைவு முறையில் தீர்க்கும் பாடத்துக்கு வந்தபோது, அந்தப் பழைய பக்கத்தை அப்படியே திறந்து, அதன் அருகே (a + b) பக்க அளவுள்ள ஒரு சதுரத்தை மட்டும் வரைந்துவைத்தேன். தன் கையெழுத்தைக் கண்டதும், “சார், அதை நானே திருத்துறேன்” என்று எழுந்து வந்தவள், சதுரத்தை நான்காகப் பிரித்து, a², b² இரண்டையும் குறித்துவிட்டு, எஞ்சிய இரு செவ்வகங்களைச் சற்று நேரம் பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு இரண்டிலும் ab என்று எழுதி, தன் பழைய வரியின் இறுதியில் + 2ab சேர்த்தாள். ஒரு மாணவி தன் பழைய எண்ணத்தைத் தன் கண்ணாலேயே பார்த்து, அதைத் தன் கையாலேயே நிறைவு செய்தாள். நான் எத்தனை முறை விளக்கியிருந்தாலும் இதற்கு ஈடாகியிருக்காது. டிஜிட்டல் தொழில்நுட்பம் கற்பித்தலை எப்படி மாற்றியிருக்கிறது என்று கேட்பவர்களிடம், அசைபடங்களையும் முப்பரிமாணக் காட்சிகளையும் விட்டுவிட்டு, இந்த ஒரு பக்கத்தைத்தான் நான் காட்டுவேன்.

அசையும் வரைபடங்களும் உதவுகின்றன, மறுக்கவில்லை. மார்கஸ் ஹோஹென்வார்ட்டர் 2001இல் சால்ஸ்பர்க் பல்கலைக்கழகத்தில் தொடங்கிய ஜியோஜீப்ரா என்ற கணித மென்பொருள் இல்லாமல் இன்று வடிவியல் நடத்த நான் விரும்ப மாட்டேன். அரைவட்டத்தில் அமையும் கோணம் செங்கோணம் என்பதைக் கரும்பலகையில் வரைந்து காட்டினால், வரைந்த அந்த முக்கோணத்துக்கு மட்டும்தான் அது பொருந்தும் என்று மாணவர்கள் எண்ணிக்கொள்வதுண்டு. திரையில் அந்தக் கோணத்தின் உச்சிப்புள்ளியை அவர்களே பிடித்து வட்டத்தின் மேல் இழுக்கிறார்கள். கோணம் 90°யிலிருந்து நகர்வதில்லை. ஒரு மாணவன் புள்ளியை வட்டத்துக்கு வெளியே இழுத்தான், கோணம் சிறுத்தது. உள்ளே தள்ளினான், பெருத்தது. தேற்றத்தின் எல்லை எது என்பதை அவனாகவே கண்டுகொண்டான். ஆனால் இதை ஒரு ப்ரொஜெக்டரையும் பழைய மடிக்கணினியையும் கொண்டே செய்துவிடலாம் என்பதையும் சொல்ல வேண்டும்.

பலகையோடு சேர்த்துத் தரப்படும் ஆயத்தப் பாடங்களை நான் பயன்படுத்துவதில்லை. முழுதாக வரைந்து முடித்த படமொன்று ஒரே தட்டலில் வந்து நிற்கும்போது, அது எங்கிருந்து தொடங்கியது, எந்தக் கோடு எதன்பின் வந்தது என்பதெல்லாம் மாணவருக்குத் தெரியாமலே போகிறது. லோகன் ஃபியோரெல்லாவும் ரிச்சர்ட் மேயரும் 2016இல் வெளியிட்ட ஆய்வில், டாப்ளர் விளைவை (ஒலி எழுப்பும் பொருள் நெருங்கும்போதும் விலகும்போதும் சுருதி மாறிக் கேட்பதை) விளக்கும் படங்களை ஆசிரியர் வரைய வரையப் பார்த்தவர்கள், வரைந்து முடித்த படங்களை வைத்து விளக்கம் கேட்டவர்களைவிட நன்றாகக் கற்றார்கள். அப்பொருளில் முன்னறிவு குறைந்தவர்களிடம் இந்தப் பயன் தெளிவாகத் தெரிந்தது. எழுதும் கையின் வேகமும் கற்கும் மனத்தின் வேகமும் ஏறத்தாழ ஒன்றாக இருப்பதே இதற்குக் காரணம் என்பது என் எண்ணம். அமெரிக்கக் கல்வி ஆய்வாளர் மேரி பட் ரோ 1970களில் எழுதியதும் இங்கே நினைவுக்கு வருகிறது: கேள்வி கேட்ட பிறகு ஆசிரியர்கள் ஒரு நொடியளவே காத்திருக்கிறார்கள், அதை மூன்று நொடியாக்கினாலே மாணவர்களின் பதில்கள் நீண்டு, செறிவும் பெறுகின்றன. ஸ்லைடை நகர்த்தும் விரலுக்கு அந்த மூன்று நொடி எளிதில் வாய்ப்பதில்லை. அடுத்த வரியை எழுதிக்கொண்டிருக்கும் கைக்கு அது இயல்பாகவே கிடைத்துவிடுகிறது.

பக்கங்களைச் சேமிக்க முடிவதிலும் ஒரு விலை இருக்கிறது. மாலையில் எல்லாப் பக்கங்களும் பிடிஎஃபாக வந்துவிடும் என்று தெரிந்த மறுநாளிலிருந்து, சில மாணவர்கள் நோட்டைத் திறப்பதையே விட்டுவிட்டார்கள். மடிக்கணினியில் குறிப்பெடுப்பவர்களைவிடக் கையால் குறிப்பெடுப்பவர்கள் கருத்துகளை நன்றாக உள்வாங்குகிறார்கள் என்று பாம் முல்லரும் டேனியல் ஓப்பன்ஹைமரும் 2014இல் வெளியிட்ட ஆய்வு பரவலாகப் பேசப்பட்டது. பின்னர் அதை மீண்டும் செய்துபார்த்தவர்களுக்கு அவ்வளவு உறுதியான முடிவு கிடைக்கவில்லை. ஆய்வு எப்படியிருந்தாலும், கணக்கைத் தானே ஒருமுறை எழுதிப்பார்க்காமல் கற்ற மாணவரை நான் கண்டதில்லை. எனவே அன்றைய கணக்குகளை அவர்கள் போட்டுக்காட்டிய பிறகே கோப்பை அனுப்புகிறேன்.

இன்னொரு கவலையும் உண்டு. யுனெஸ்கோ 2023இல் வெளியிட்ட உலகக் கல்விக் கண்காணிப்பு அறிக்கை, கல்வித் தொழில்நுட்பப் பொருட்கள் சராசரியாக 36 மாதங்களுக்கு ஒருமுறை மாறிவிடுகின்றன என்றும், அவற்றால் கல்விக்குக் கூடுதலாக விளையும் பயனுக்கு வலுவான சான்று குறைவு என்றும் கூறியது. முதல் பகுதியை எங்கள் பலகையிலேயே பார்த்துவிட்டோம். கண்ணாடியும் திரையும் புதிதுபோல் இருக்கின்றன. உள்ளிருக்கும் எழுதுசெயலியோ கல்வியாண்டின் நடுவில் மாற்றப்பட்டு, பழைய வடிவத்தில் சேமித்த கோப்புகளைத் திறக்க மறுத்தது. பிடிஎஃபாகவும் எடுத்துவைத்திருந்த பக்கங்கள் மட்டுமே தப்பின. அந்த மாணவியின் சமன்பாடு அவற்றில் ஒன்று என்பது எனக்குப் பெரிய ஆறுதல். அப்படித் தப்பாத பக்கங்களும் நிறைய உண்டு. ஒரு வகுப்பின் ஓராண்டு உழைப்பை இவ்வளவு அலட்சியமாகக் கையாண்டவர்கள் மீது எனக்கு உண்மையாகவே கோபம் இருக்கிறது.

நண்பருக்கு என் பதில் இதுதான். என் வகுப்பிலிருந்து இந்தப் பலகையை எடுத்துப்போக எவரேனும் வந்தால் நான் விட மாட்டேன். ஆனாலும் உங்கள் பள்ளிக்கு இதை வாங்கச் சொல்ல இப்போது எனக்கு மனமில்லை. நான் புகழ்ந்தவையும் இந்த முடிவும் ஒத்துப்போகவில்லை என்று உங்களுக்குத் தோன்றும். சட்டகம் மாற்றிய பிறகும் 3.05 என்பது 305 ஆக நிற்பதை நேற்றும் பார்த்தவனிடமிருந்து வேறு முடிவு வருவதற்கில்லை. நிர்வாகம் எப்படியும் வாங்கத்தான் போகிறது என்றால், கண்ணாடியே தொடுகையை உணரும் மின்தேக்கு வகைத் திரையையும் பார்த்துவிட்டு முடிவெடுங்கள். விலை கூடுதல்தான், ஆனால் ஒளிவலை சார்ந்த தொல்லைகள் அதில் இல்லை. செய்துகாட்ட வருபவர் கையில் பேனாவைக் கொடுக்காதீர்கள். ஒரு கணித ஆசிரியரையும், ஒரு தமிழாசிரியரையும், கையை ஊன்றி எழுதும் ஒரு குழந்தையையும் அழைத்துவந்து, வழக்கமான வேகத்தில் ஒரு பக்கம் முழுவதும் எழுதச் சொல்லுங்கள். சட்டகத்துக்கான உதிரிபாகங்கள் எத்தனை ஆண்டுகளுக்குக் கிடைக்கும், சேமித்த பக்கங்கள் மென்பொருள் மாறினாலும் திறக்குமா என்ற இரண்டுக்கும் பதிலை எழுத்தில் வாங்குங்கள். கரும்பலகையைக் கழற்றிவிட்டு அந்த இடத்தில் திரையை மாட்ட வேண்டாம். பக்கத்துச் சுவரில் மாட்டுங்கள்.