பெண் பொறியாளர்களுக்கான தலைமைப் பயிற்சி: சில வருடங்களுக்குப் பிறகு என் மதிப்பீடு

ஓஎம்ஆரில் ஒரு மென்பொருள் நிறுவனத்தில் வேலை பார்க்கிறேன். அங்கே பெண் பொறியாளர்களுக்கென்று ஒரு தலைமைப் பயிற்சித் திட்டம் உண்டு. கொரோனாவுக்கு முன்பே அதில் சேர்ந்தேன். அப்போது சீனியர் டெவலப்பர். இன்று ஒரு டீமை நடத்துகிறேன், புதிதாகச் சேர்பவர்களுக்கு மென்டாராகவும் இருக்கிறேன். "இதுல சேர்ந்தா நிஜமாவே பிரயோஜனம் இருக்காக்கா?" என்று ஜூனியர்கள் கேட்டுக்கொண்டே இருப்பதால் இதை எழுதுகிறேன்.

பிரயோஜனம் உண்டு. ஆனால் விளம்பரத்தில் பெரிதாகப் போட்டிருக்கும் பகுதியில் இல்லை.

முதலில் வகுப்புகள். தன்னம்பிக்கை, உடல்மொழி, மேடைப்பேச்சு என்று வரிசையாக நடத்தினார்கள். அந்த அறையில் இருந்தவர்கள் எல்லாம் நடுராத்திரியில் ப்ரொடக்ஷன் (வாடிக்கையாளர்கள் பயன்படுத்தும் நிஜ சிஸ்டம்) விழுந்தால் எழுந்து சரிசெய்துவிட்டு, காலையில் கிளையன்ட் காலில் விளக்கம் சொல்பவர்கள். அவர்களுக்குத் தன்னம்பிக்கை குறைவு என்று யார் முடிவு செய்தார்களோ தெரியவில்லை.

ஒரே ஒரு வகுப்பு மட்டும் இன்றுவரை கைகொடுக்கிறது. அப்ரைசலுக்கு நாமே எழுதித் தரும் சுயமதிப்பீட்டை எப்படி எழுதுவது என்பது. "டேட்டாபேஸ் மைக்ரேஷனில் டீமுக்கு உதவினேன்" என்று எழுதியிருந்தேன். தரவுகளைப் பழைய டேட்டாபேஸிலிருந்து புதியதற்கு மாற்றும் வேலை அது. பயிற்றுநர் அதைச் சுழித்துவிட்டு, என்ன செய்தாய், எதை நீ முடிவெடுத்தாய், என்ன பலன் என்று துருவிக் கேட்டார். கடைசியில் அந்த வரி இப்படி ஆனது: "மைக்ரேஷனை நான் திட்டமிட்டேன். புதியதற்கு மாறும் கட்ஓவர் இரவில் பிழை வந்தபோது பழைய நிலைக்குத் திரும்ப வேண்டாம் என்ற முடிவை நான் எடுத்தேன். கிளையன்ட் கொடுத்த நேரத்துக்குள் சேவை திரும்ப வந்தது." ஒரு வார்த்தைகூட மிகையில்லை. எல்லாம் நடந்ததுதான், முன்பு எழுதாமல் விட்டிருந்தேன். அன்றிலிருந்து ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் அந்த வாரம் செய்ததை நாலு வரி குறித்து வைக்கிறேன். என் டீமில் ஆண், பெண் எல்லோரையும் இதைச் செய்யச் சொல்கிறேன்.

அப்புறம் மென்டார், ஸ்பான்சர். மென்டார் நமக்கு ஆலோசனை சொல்பவர். ஸ்பான்சர் நாம் இல்லாத அறையில் நமக்காகப் பேசுபவர். பெண்களுக்கு மென்டார் நிறையக் கிடைக்கிறார்கள், ஸ்பான்சர்தான் கிடைப்பதில்லை என்று மேலாண்மைப் பேராசிரியர் ஹெர்மினியா இபாரா 2010லேயே எழுதினார். அது எவ்வளவு உண்மை என்று பதவி உயர்வுக் கூட்டங்களில் நானே உட்கார ஆரம்பித்த பிறகுதான் முழுதாகப் புரிந்தது. திரையில் எக்செல் ஷீட் ஓடும். ஒரு பெயர் வரும். "நல்லா வேலை செய்றாங்க, ஆனா கைக்குழந்தை இருக்கு, இந்த வருஷம் வேண்டாமே" என்பார் ஒருவர். கெட்ட எண்ணத்தில் இல்லை, அக்கறையாகத்தான் சொல்வார். "அவங்ககிட்ட கேட்டீங்களா?" என்று யாராவது ஒருவர் கேட்காவிட்டால் ஷீட் அடுத்த பெயருக்குப் போய்விடும். இந்தத் திட்டத்தால் எனக்குக் கிடைத்த ஸ்பான்சர் அப்படிக் கேட்கிறவர். அதோடு, ஒரு முழு ரிலீஸையும் (மென்பொருளின் புதிய பதிப்பு வெளியீடு) என் பொறுப்பில் விடச் சொல்லி டெலிவரி ஹெட்டிடம் வாதாடினார். நான் டீம் லீடு ஆனதற்கு அந்த ரிலீஸ்தான் காரணம்.

பயிற்சி ஸ்லைடுகளில் இஸ்ரோ பெண்களின் படம் கட்டாயம் வரும். செங்கோட்டையைச் சேர்ந்த நிகர் ஷாஜி 1987இல் இஸ்ரோவில் சேர்ந்தவர். ரிசோர்ஸ்சாட்-2ஏ செயற்கைக்கோள் திட்டத்தில் இணை இயக்குநராக இருந்தார். சூரியனை ஆராய 2023இல் ஏவப்பட்ட ஆதித்யா-எல்1க்குத் திட்ட இயக்குநர். அந்தப் பொறுப்புகளின் வரிசையைத்தான் ஸ்லைடில் போட வேண்டும் என்று நினைக்கிறேன். வெறும் படத்தைப் போட்டு "நீங்களும் சாதிக்கலாம்" என்றால் யாருக்கு என்ன லாபம்?

பெண்களுக்கு மேனேஜராகும் முதல் படியிலேயே தேக்கம் வருகிறது என்பதற்குக் கணக்கும் இருக்கிறது. மெக்கின்சி என்ற ஆலோசனை நிறுவனமும், பெண்களின் வேலை முன்னேற்றத்துக்கான லீன் இன் அமைப்பும் அமெரிக்க நிறுவனங்களில் எடுத்த 2019ஆம் ஆண்டு ஆய்வில், 100 ஆண்கள் முதல்முறை மேனேஜர் ஆனபோது பெண்கள் 72 பேர்தான். 2024இல் அது 81. மேலே போகப் போகப் பெண்கள் குறைவதற்கு இந்த முதல் படி ஒரு பெரிய காரணம் என்கிறது அந்த ஆய்வு.

திட்டம் தொடவே தொடாத ஒரு விஷயம், மகப்பேறு விடுப்பு முடிந்து திரும்பும் காலம். 2017 சட்டத் திருத்தத்தால் முதல் இரண்டு குழந்தைகளுக்கு 26 வாரம் விடுப்பு உண்டு. திரும்பி வரும்போது நம் மாட்யூல் (நாம் பார்த்துவந்த மென்பொருள் பகுதி) வேறொருவர் கையில் இருக்கும். அந்த வருட ரேட்டிங்கும் தானாகவே 'சராசரி' என்று விழுந்துவிடும். எங்கள் நிறுவனத்தில் இதை மாற்றச் சொல்லி மூன்று பேட்ச் பெண்கள் எழுதிக் கொடுத்திருக்கிறோம், இன்னும் மாறவில்லை. எனக்கு இதில் ரொம்ப வருத்தம். நன்றாக வேலை செய்த இரண்டு பேர் இதனாலேயே வேலையை விட்டார்கள்.

உங்கள் நிறுவனத்தில் இப்படி ஒரு திட்டம் இருந்தால், சேருவதற்கு முன் ஹெச்ஆரிடம் இரண்டு கேள்வி கேளுங்கள். பயிற்சி முடிந்ததும் எந்தப் பொறுப்பு கையில் வரும்? பதவி உயர்வுக் கூட்டத்தில் எனக்காகப் பேசப்போவது யார்? பதிலை மெயிலில் வாங்கிக்கொள்ளுங்கள். வகுப்பு மட்டும்தான் என்றால், அந்த நேரத்தை ஆன்கால் பொறுப்பையோ (எந்த நேரத்தில் பிரச்சினை வந்தாலும் முதலில் பார்க்கும் வேலை) ஒரு சின்ன ரிலீஸையோ கேட்டு வாங்குவதில் செலவிடலாம்.