காரில் ஒட்டிய ரோடு பெயிண்ட்: ஊறவைப்பதா, கரைப்பதா, தேய்ப்பதா?

புதிதாகக் கோடு போட்ட சாலையில் பெயிண்ட் காய்வதற்குள் சக்கரம் ஏறிவிட்டால் போதும், மட்கார்டு, கதவின் அடிப்பகுதி, பின் பம்பர் எல்லாம் மஞ்சளும் வெள்ளையுமாகப் புள்ளி விழுந்துவிடும். வீட்டிலேயே இதை எடுக்க ஆளுக்கொரு வழி சொல்வார்கள். அடுக்கிப் பார்த்தால் எல்லாம் மூன்று வகைதான்: எண்ணெய்ப் பசையில் ஊறவைப்பது, தின்னர் மாதிரிக் கரைப்பானால் கரைப்பது, தேய்த்து எடுப்பது. என் ஓட்டு ஊறவைப்பதற்கு. மற்ற இரண்டுக்கும் இடம் உண்டு, ஆனால் ரொம்பச் சின்ன இடம்.

காரணம் அந்தப் பெயிண்டிலேயே இருக்கிறது. இரவில் ஹெட்லைட் வெளிச்சம் பட்டுக் கோடு பளிச்சென்று தெரிவதற்காக, ஈரப் பெயிண்டின் மேல் பொடிக் கண்ணாடி மணிகளைத் தூவுவார்கள். காரின் நிறத்துக்கு மேலே இருக்கும் கிளியர் கோட் பெரும்பாலும் 40, 50 மைக்ரான்தான். ஒரு மில்லிமீட்டரில் இருபதில் ஒரு பங்கு என்று வைத்துக்கொள்ளுங்கள். கண்ணாடி மணி அதைவிடப் பல மடங்கு பெரியது, கடினமும் கூட. காய்ந்த புள்ளியைத் துணியால் அழுத்தித் தேய்க்கிறவர், உண்மையில் கண்ணாடித் தூளால் தன் காரைத் தேய்க்கிறார். பெயிண்ட் போய்விடும், வட்ட வட்டமான கீறல் நின்றுவிடும்.

பெயிண்ட் தெறித்து இன்னும் சில மணி நேரம்தான் ஆகிறது என்றால் இந்த ஒப்பீடே தேவையில்லை. இப்போது பல இடங்களில் நீரில் கலந்த அக்ரிலிக் பெயிண்ட்தான் அடிக்கிறார்கள். அது முழுதாக இறுகுவதற்குள் அழுத்தமாகப் பீய்ச்சும் தண்ணீரும் கார் ஷாம்புவுமே பெரும்பகுதியை எடுத்துவிடும். நாளைக்குப் பார்த்துக்கொள்ளலாம் என்று மட்டும் விடாதீர்கள்.

காய்ந்துவிட்டதா? அப்போதுதான் வாசலினும், துருப்பிடித்ததை இளக்க அடிக்கும் ஸ்ப்ரே எண்ணெயான டபிள்யூடி-40-உம் போட்டிக்கு வருகின்றன. இரண்டுமே பெட்ரோலிய வகைப் பொருள்கள். தொழிற்சாலையில் சூட்டில் இறுகிய கிளியர் கோட்டை இவை சீக்கிரத்தில் அசைக்காது, ரோடு பெயிண்டையோ மெல்ல இளக்கிவிடும். டபிள்யூடி-40 வேகமானது. அடித்துவிட்டு ஒன்றிரண்டு மணி நேரம் விட்டாலே புள்ளியின் ஓரம் தூக்க ஆரம்பிக்கும். ஆனால் அது வழிந்து ஓடும். கதவில் அடித்தால் கீழே சொட்டும், சக்கரத்தின் பக்கம் அடித்தால் பிரேக் டிஸ்கில் படும். பிரேக்கில் எண்ணெய் பட்டால் வண்டி நிற்காது. இது விளையாட்டல்ல. வாசலின் மெதுவானது, ஆனால் பூசிய இடத்திலேயே நிற்கும். கெட்டியாகப் பூசி ராத்திரி முழுக்க விட்டுவிட்டு, காலையில் விரல் நகத்தாலோ பழைய பிளாஸ்டிக் அட்டையாலோ தள்ளினால் தோல் மாதிரி உரிந்து வரும். வராத இடத்தில் பலத்தைக் கூட்டாமல் இன்னொரு ராத்திரி பூசுங்கள். செங்குத்தான பாகங்களுக்கும் சக்கரத்தை ஒட்டிய இடங்களுக்கும் வாசலின்தான் என் தேர்வு. பானட் போன்ற தட்டையான இடத்துக்கு டபிள்யூடி-40 போதும். மண்ணெண்ணெயும் இதே வேலையைச் செய்யும், நாற்றம்தான் தாங்காது. கதவு, கண்ணாடி ஓரத்து ரப்பர் பீடிங் பக்கம் அதைக் கொண்டுபோக வேண்டாம்.

தின்னரும் அசிட்டோனும் சில நிமிடங்களில் காரியத்தை முடிக்கும் என்பது உண்மைதான். சிக்கல் என்னவென்றால், அவற்றுக்கு ரோடு பெயிண்ட் எது, கார் பெயிண்ட் எது என்று தெரியாது. கொஞ்சம் கூடுதலாக நின்றால் கிளியர் கோட் மங்கும். பட்டறையில் மறுபடி பெயிண்ட் அடித்த பாகமாக இருந்தால் நிறமே துணியோடு வந்துவிடலாம். பாலிகார்பனேட் ஹெட்லைட்டில் பட்டால் மயிரிழை வெடிப்புகள் விடும், அதைத் திருப்பவே முடியாது. நெயில் பாலிஷ் ரிமூவரும் பெரும்பாலும் இதே அசிட்டோன்தான், சின்னப் பாட்டிலில் வருவதால் சாது என்று நினைக்க வேண்டாம். பெட்ரோல் ஊற்றித் துடைப்பதை யோசிக்கவே வேண்டாம், அதன் ஆவிக்கு ஒரு பொறி போதும்.

நடுவழி ஒன்று உண்டு: தாரை எடுப்பதற்கென்றே விற்கும் டார் ரிமூவர். ஊறவைத்தும் அடம்பிடிக்கும் ஒன்றிரண்டு புள்ளிகளுக்கு, கண்ணில் படாத மூலையில் சோதித்துவிட்டு, துணியில் நனைத்து ஒற்றி எடுக்கலாம்.

அப்புறம் கிளே பார், அதாவது கார் மேல் படிந்த துகள்களை ஒற்றி இழுக்கும் மெத்தென்ற களிமண் கட்டி. தூசி போலப் படிந்த பெயிண்ட் துகள்களுக்கு இது அருமையான பொருள். சோப்புத் தண்ணீர் தாராளமாக விட்டு லேசாக நகர்த்தினால் சொரசொரப்பெல்லாம் போய்விடும். ஆனால் தடித்த புள்ளியில் இதை முதலிலேயே போட்டால், கண்ணாடி மணி களிமண்ணில் பதிந்து, போகும் வழியெல்லாம் கோடு கிழிக்கும். ஆகவே ஊறவைத்துக் கட்டியை எடுத்த பிறகு, மிச்சத்துக்கு மட்டும் கிளே. காம்பவுண்ட் (மேற்பரப்பைத் தேய்த்து வழவழப்பாக்கும் பசை), பாலிஷ் எல்லாம் அதற்கும் பிறகு, நிழல் மாதிரி ஒரு கறை தங்கினால் மட்டும். ஒவ்வொரு தடவையும் கிளியர் கோட் கொஞ்சம் தேய்கிறது என்பது நினைவிருக்கட்டும்.

சில கோடுகள் சுமார் 200 டிகிரி செல்சியஸில் உருக்கி ஊற்றும் தெர்மோபிளாஸ்டிக். அது கட்டியாக ஒட்டியிருந்தால் ஹேர் டிரையரால் இளஞ்சூடாக்கிவிட்டு, பிளாஸ்டிக் அட்டையால் நெம்புவது நல்லது. எப்பாக்ஸி போல இரண்டு பொருளைக் கலந்து இறுகவைக்கும் பெயிண்ட் முழுதாக இறுகிவிட்டால் வாசலின் பெரிதாக உதவாது, அதைத் தொழில் தெரிந்தவரிடம் விடுங்கள்.

எல்லாம் எடுத்தபின் எண்ணெய்ப் பசை போக ஷாம்புவால் கழுவி, அந்த இடத்தில் மறுபடி வேக்ஸ் போடுங்கள், பழைய வேக்ஸ் இந்நேரம் போயிருக்கும். சக்கரக் குடைவுக்குள் இருக்கும் சொரசொரப்பான கறுப்பு பிளாஸ்டிக்கில் ஒட்டியதற்காக மட்டும் மெனக்கெட வேண்டாம். அழுத்தத் தண்ணீருக்கு வராததை அப்படியே விட்டுவிடலாம்.