லூப்பி: சிஸ்டம்ஸ் திங்கிங் தொடங்குபவர்களுக்கு என் முதல் பரிந்துரை

எங்கள் தெருப் பிள்ளைகளுக்கும், ஆர்வத்தோடு கேட்கும் பெரியவர்களுக்கும் சிஸ்டம்ஸ் திங்கிங்கை, அதாவது ஒன்றையொன்று பாதிக்கும் விஷயங்களைத் தனித்தனியாகப் பார்க்காமல் சேர்த்துப் பார்க்கும் முறையை, அறிமுகப்படுத்த, சில ஆண்டுகளாக லூப்பியைத்தான் பயன்படுத்துகிறேன். நிக்கி கேஸ் 2017இல் வெளியிட்ட இலவசக் கருவி இது. பிரவுசரில் திறந்தால் போதும், கணக்குத் தொடங்க வேண்டாம். பென்சிலால் வட்டம் வரைய வேண்டும், ஒரு வட்டத்திலிருந்து இன்னொன்றுக்கு அம்பு இழுக்க வேண்டும். இது கூடினால் அதுவும் கூடும் என்றால் பிளஸ். இது கூடினால் அது குறையும் என்றால் மைனஸ். ப்ளே அழுத்தி ஏதாவது ஒரு வட்டத்தைக் கூட்டியோ குறைத்தோ விட்டால், அந்த மாற்றம் அம்புகள் வழியே ஓடுவது கண்ணுக்குத் தெரியும்.

நான் எப்போதும் போர்வெல்லில்தான் தொடங்குவேன். நீர்மட்டம், போர் ஆழம், உறிஞ்சல் என்று மூன்று வட்டங்கள். மட்டம் இறங்கினால் இன்னும் ஆழமாகப் போர் போடுவார்கள், அங்கே மைனஸ். ஆழம் கூடினால் உறிஞ்சலும் கூடும், பிளஸ். உறிஞ்சினால் மட்டம் இறங்கும், மறுபடி மைனஸ். இப்போது நீர்மட்டத்தை ஒரே ஒரு தடவை குறைத்துவிட்டுப் பார்க்கச் சொல்வேன். அது சுற்றிச் சுற்றி இறங்கிக்கொண்டே போகும். "ரெண்டு மைனஸ் இருக்கே, அப்புறம் ஏன் நிக்கல?" என்று யாராவது கேட்பார்கள். மைனஸ்களை எண்ணச் சொல்வேன். அம்புகள் சுற்றிவந்து தொடங்கிய வட்டத்துக்கே திரும்பும் ஒரு சுழற்சியில் மைனஸே இல்லை, அல்லது இரட்டைப்படையில் இருக்கிறது என்றால் அது மாற்றத்தைப் பெருக்கும். ஒற்றைப்படை என்றால் எதிர்த்து இழுத்துப் பிடிக்கும். பலகையில் எழுதிக் காட்டினால் மனப்பாடம் செய்யவேண்டிய விதியாகிவிடும் இது, இங்கே அவர்கள் கண்ணெதிரே நடக்கிறது.

அடுத்து மழைநீர் சேகரிப்பு. தமிழ்நாட்டில் 2003இலேயே கட்டாயமாக்கப்பட்டது என்பதால் எல்லோருக்கும் தெரிந்த விஷயம். மட்டம் குறைந்தால் சேகரிப்பில் அக்கறை கூடும், சேகரித்தால் மட்டம் ஏறும். ஒரே மைனஸ், ஆகவே இழுத்துப் பிடிக்கும் சுழற்சி. லூப்பியில் அம்பை நீளமாக வரைந்தால் சிக்னல், அதாவது அம்பு வழியே ஓடும் மாற்றம், போய்ச்சேரத் தாமதமாகும். சேகரிப்பு அம்புகளை நீளமாக வளைத்து வரைந்தால், அது வந்து சேருவதற்குள் போர்வெல் சுழற்சி பல சுற்று ஓடிவிடுகிறது. 2019 கோடையில் சென்னைக்கு நீர் தரும் ஏரிகள் வறண்டு, தண்ணீர் லாரிக்கு ஆளாளுக்கு அலைந்ததைப் பார்த்தவர்களுக்கு, தாமதம் என்றால் என்னவென்று அதற்கு மேல் விளக்க வேண்டியதில்லை.

குறைகளும் உண்டு. வட்டத்துக்குள் அடங்கும்படி எழுத்து சிறுத்துவிடுவதால், நீளமான தமிழ்ப் பெயர்கள் வாசிக்க முடியாத அளவுக்குப் பொடியாகிவிடும். முழுப் படமும் லிங்க்கிலேயே சேமிக்கப்படுவதால், தமிழ்ப் பெயர்கள் சேரச் சேர லிங்க் முழநீளம் ஆகிவிடும். சின்னப் பெயராக வைப்பதே வழி. பத்துப் பன்னிரண்டு வட்டங்களைத் தாண்டினால் சிக்னல்கள் திரை முழுக்க ஓடும், எதையும் பின்தொடர முடியாது.

பெரிய குறை வேறு. நீர்மட்டத்தை உயர்த்தினால், அதே மைனஸ் அம்பு வழியே போர் ஆழம் குறைந்துவிடும். போட்ட போர் திரும்ப மேலே வருமா? பிள்ளைகள் இதைச் சீக்கிரம் பிடித்துவிடுகிறார்கள். சேர்ந்துகொண்டே போகும் இருப்பு வேறு, அதற்குள் வரும் வரத்து வேறு என்பதை லூப்பி பிரித்துக் காட்டாது, எண்களும் கிடையாது. ஆனால் இந்தக் கேள்வியை ஒரு பிள்ளை தானாகக் கேட்கிறது என்றால், அது அடுத்த படிக்குத் தயாராகிவிட்டது என்றே எடுத்துக்கொள்கிறேன். அப்போதுதான் இன்சைட் மேக்கரைத் திறக்கிறேன். அதுவும் பிரவுசரில் ஓடுவதுதான். இருப்பு, வரத்து, லிட்டர் கணக்கு எல்லாம் அதில் உண்டு. முதல் நாளே அதைக் காட்டினால் எண்களை நிரப்புவதிலேயே நேரம் போய்விடும்.