போனஸா, சேவை மனசா? அரசு ஆபீஸ்ல எது வேலை வாங்கும்

அரசு ஊழியர நல்லா வேலை செய்ய வைக்க ஹெச்ஆர் (மனிதவள மேலாண்மை) பாடத்துல ரெண்டு வழி சொல்வாங்க. ஒண்ணு, நல்லா செஞ்சா கூடுதல் காசு. இன்னொண்ணு, மக்களுக்கு ஏதாவது நல்லது பண்ணணும்னு அவங்களுக்குள்ள இருக்கற எண்ணத்துக்கு இடம் குடுக்கறது. புக்ல படிக்கும்போது ரெண்டுமே சரியாத்தான் தெரியும்.

காசு வழிக்கு அடிப்படை, உளவியல் அறிஞர் விக்டர் வ்ரூம் 1964ல சொன்ன எதிர்பார்ப்புக் கோட்பாடு. முயற்சி பண்ணா ரிசல்ட் வரும்னு நம்பணும், ரிசல்ட் வந்தா பரிசு வரும்னு நம்பணும், அந்தப் பரிசு எனக்கு வேணும்னு தோணணும். இதுல ஒண்ணு அறுந்தாலும் போச்சு. அரசு ஆபீஸ்ல பெரும்பாலும் அறுந்து போறது நடுவுல இருக்கறதுதான், ஏன்னா அப்ரைசல் (வருஷாந்திர வேலை மதிப்பீடு) எழுதற அதிகாரி அதே ஆட்களோட தினமும் வேலை பாக்கணும், யாரையும் பகைச்சுக்க முடியாம எல்லாருக்கும் "மிக நன்று" போட்டுடுவாரு, அப்புறம் இருக்கற கொஞ்ச பணத்த எல்லாருக்கும் பிச்சுக் குடுத்தா அது யாருக்கும் பரிசா தெரியாது. அமெரிக்கால 1978 சிவில் சர்வீஸ் சீர்திருத்தச் சட்டத்துல நடுமட்ட மேனேஜர்களுக்கு திறமைக்கேத்த சம்பளம் கொண்டுவந்தாங்க, 1984ல அத எடுத்துட்டு வேற திட்டம் போட்டாங்க, 1993ல அதையும் மூடிட்டாங்க.

அதுக்காக காசு வேலையே செய்யாதுன்னு சொல்ல மாட்டேன். பாகிஸ்தான் பஞ்சாப்ல சொத்து வரி வசூலிக்கறவங்களுக்கு வசூலுக்கு ஏத்த ஊக்கத்தொகை குடுத்து சோதிச்சு பாத்தாங்க, வசூல் நல்லாவே ஏறுச்சு. ஆனா அந்த வசூல் வந்தது சரியான மதிப்புக்கு மாத்தி எழுதின கொஞ்சம் சொத்துகள்லேர்ந்துதான், மத்த நிறைய பேர் கட்டற வரி ஏறல, குடுக்கற லஞ்சம்தான் ஏறுச்சு! இந்த ஒரு விஷயம் எனக்கு ரொம்ப முக்கியமா படுது. பொருளாதார அறிஞர்கள் ஹோம்ஸ்ட்ராமும் மில்க்ரமும் 1991லயே சொன்னதுதான், எண்ண முடியற வேலைக்கு மட்டும் காசு குடுத்தா எண்ண முடியாத வேலைய கைவிட்டுடுவாங்கன்னு. மனு குடுக்க வந்தவர உக்கார வெச்சு பொறுமையா புரிய வைக்கறத எந்த கட்டத்துல டிக் பண்ணுவீங்க?

ரெண்டாவது வழி 1990ல ஜேம்ஸ் பெரி, லோயிஸ் வைஸ்னு ரெண்டு ஆய்வாளர்கள் முன்வெச்ச பொதுச்சேவை ஊக்கம், அதாவது மக்களுக்கு நல்லது பண்ணணும்ங்கற அந்த எண்ணமே வேலை செய்ய வைக்கும்ங்கறது. இத நடைமுறைக்கு கொண்டுவர பெரிய ஸ்கீம் தேவையில்ல. உளவியல் ஆய்வாளர் ஆடம் கிரான்டோட குழு ஒரு யூனிவர்சிட்டிக்கு போன்ல நன்கொடை கேக்கற ஊழியர்கள, அந்தப் பணத்துல ஸ்காலர்ஷிப் வாங்கின ஒரு மாணவரோட சில நிமிஷம் பேச வெச்சாங்க, ஒரு மாசம் கழிச்சும் அவங்க போன்ல செலவழிச்ச நேரம் முன்ன விட ரெண்டு மடங்குக்கு மேல இருந்துச்சு. 2007ல வந்த ஆய்வு இது. அரசு ஆபீஸ்ல ஃபைல் மட்டும் பாக்கறவருக்கு அந்த ஃபைலுக்கு பின்னாடி இருக்கற ஆள் யாருன்னே தெரியாம சர்வீஸ் முடிஞ்சுடுது.

இதுலயும் ஆபத்து இருக்கு. சேவைன்னு சொல்லியே சம்பளத்த கம்மியா வெச்சு, ஆள் எடுக்காம, இருக்கறவங்க மேல எல்லாத்தையும் ஏத்துவாங்க, அப்ப அந்த மனசு சீக்கிரம் காஞ்சு போயிடும்.

என் தேர்வு ரெண்டாவதுதான், அடிப்படைச் சம்பளம் நியாயமா இருந்தா மட்டும். காசு வழிய, எண்ணவும் முடிஞ்சு, பொதுமக்கள்கிட்ட நேரா கேட்டு சரிபார்க்கவும் முடியற வேலைக்கு மட்டும் வெச்சுக்கலாம், அதையும் முதல்ல ஒரு பிரிவுல ஓட்டிப் பாத்துட்டு.