வள்ளத்து எஞ்சினுக்குக் கூடுதல் வாரண்டி: ஒருமுறை வாங்கினேன், இந்த முறை வேண்டாம் என்றேன்

போன வாரம் புது அவுட்போர்டு எஞ்சின் எடுக்கப் போயிருந்தேன். 9.9 குதிரைத்திறன், டூ ஸ்ட்ரோக், மண்ணெண்ணெயில் ஓடுவது. குளச்சல் பக்கம் கரையில் எந்த ஃபைபர் வள்ளத்தைப் பார்த்தாலும் பின்னால் தொங்குமே, அதே வகைதான். விலையெல்லாம் பேசி முடித்து பில் போடுகிற நேரத்தில் கடைப் பையன் ஒரு தாளை நீட்டி, "அண்ணே, கம்பெனி வாரண்டி முடிஞ்ச பிறகு இன்னும் 2 வருஷத்துக்கு நாங்களே போட்டுத் தருவோம், 14,000 தான், ஜிஎஸ்டி தனி" என்றான். 18 சதவீதம் சேர்த்தால் 16,520 ஆகிறது. பழைய எஞ்சினுக்கு வேறொரு கடையில் இதே மாதிரி ஒன்றை எடுத்துப் பட்டவன் நான், அதனால் தாளை வாங்கியதும் பின்பக்கம் திருப்பினேன். பொடி எழுத்து அங்கேதான் இருக்கும்.

பழைய கதையைச் சொல்லிவிடுகிறேன். அந்த வாரண்டியை வைத்து மூன்று முறை கடை ஏறினேன். முதல் முறை எஞ்சின் சூடேறி நின்றுபோனது. எஞ்சினைக் குளிரவைத்த தண்ணீர் வெளியே பீச்சுகிற துளையில் பீச்சல் இல்லை, கழற்றிப் பார்த்தால் வாட்டர் பம்பில் இருக்கிற ரப்பர் இம்பெல்லர் இதழ் இதழாகப் பிய்ந்திருந்தது. அலைவாய்க்கரையில் வள்ளம் இறக்கி ஏற்றுகிறவனுக்கு மணல் குடிக்காத பம்ப் எங்கே இருக்கிறது? "அது தேய்கிற சாமான், வாரண்டியில் வராது" என்றார்கள். சரி, நியாயம்தான் என்று விட்டுவிட்டேன்.

இரண்டாவது முறை கியர் ஆயில் பால் மாதிரி வெளுத்து வந்தது. புரொப்பல்லர் தண்டில் நைலான் நரம்பு சுற்றி, ஆயில் சீலை அறுத்து, கடல் தண்ணீர் உள்ளே போயிருக்கிறது. "வெளிப்பொருள் சிக்கியதால் ஏற்பட்ட சேதம்" என்று எழுதிக் கொடுத்துவிட்டார்கள். மீன்பிடி வள்ளத்து எஞ்சினில் நரம்பு சிக்காமல் வேறு என்ன சிக்கும் என்று கேட்டேன், பதில் இல்லை.

மூன்றாவதுதான் கிடைத்தது. ஸ்பார்க் வரவில்லை, அதற்கு மின்சாரம் கொடுக்கிற சிடிஐ என்ற சின்னப் பெட்டி போய்விட்டது என்று பார்த்ததும் ஒத்துக்கொண்டார்கள். ஆனால் சாமான் வந்து மாட்டித் தர 24 நாள். எங்கள் பக்கத்து மெக்கானிக்கிடம் காசு கொடுத்திருந்தால் ஒரு பகலில் முடிந்திருக்கும், அந்த 24 நாளில் பாதி நாள் மச்சானின் எஞ்சினை இரவல் வாங்கி ஓட்டினேன், மீதி நாள் சும்மா கரையில் உட்கார்ந்திருந்தேன். அந்த நாட்களின் பிடிபாடு போனதை வாரண்டித் தாளில் எங்கேயும் எழுதவில்லை. மிச்சமான சிடிஐ விலையைவிட அது எத்தனையோ மடங்கு.

இந்தப் புதுத் தாளிலும் அதே சங்கதிதான், வார்த்தைதான் கொஞ்சம் அழகாக இருந்தது. உப்பு அரிப்பு வராது. எண்ணெயில் தண்ணீர் கலந்திருந்தால் வராது. தண்ணீரில் மூழ்கினால் வராது. ஆனி, ஆடியில் மேற்குக் கடற்கரை அலையில் வள்ளம் ஒரு தடவையாவது புரளாமல் இருக்குமா? எஞ்சின் கடல் தண்ணீர் குடித்துவிட்டால் அன்றைக்கே பிளக்கைக் கழற்றி, கயிற்றை இழுத்து இழுத்து உள்ளே இருக்கும் தண்ணீரை வெளியேற்றி, நல்ல தண்ணீரில் கழுவி, சிலிண்டருக்குள் ஆயில் விட்டு ஓட்டிவிட வேண்டும். மறுநாள் வரை போட்டால் துரு பிடித்துவிடும். வாரண்டிக்காரர் வந்து பார்க்கட்டும் என்று காத்திருந்தால் எஞ்சின் அவ்வளவுதான்.

இதைவிட மோசமானது சர்வீஸ் நிபந்தனை. 100 மணி நேரத்துக்கு ஒருமுறை அவர்கள் சொல்லும் சென்டரில் சர்வீஸ் செய்து முத்திரை வாங்க வேண்டுமாம். உல்லாசப் படகு வைத்திருப்பவருக்கு 100 மணி நேரம் ஓட ஒரு வருஷம்கூட ஆகலாம். எனக்கு? நாளைக்கு ஐந்து மணி நேரம், மாதம் இருபது நாள். மாதாமாதம் 40 கிலோ எஞ்சினைக் கழற்றி லோடு ஆட்டோவில் ஏற்றி நகரத்துக்குக் கொண்டுபோக வேண்டும், ஒரு முத்திரை விட்டுப்போனாலும் வாரண்டி செல்லாது.

கடைசி வரியில் "வணிகப் பயன்பாட்டுக்குப் பொருந்தாது" என்றும் இருந்தது. பையனிடம் காட்டினேன். "அது சும்மா அண்ணே, எல்லாத்திலயும் போடுறதுதான்" என்றான். சும்மா போட்டதென்றால் அடித்துவிட்டு சீல் வைத்துக் கொடு என்றேன், முதலாளியைக் கேட்கணும் என்று உள்ளே போனவன் திரும்பி வந்து வேறு பேச்சை எடுத்தான். இங்கே ஒன்று தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள், 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி சுயதொழில் செய்து பிழைப்பதற்காக மட்டுமே வாங்கிப் பயன்படுத்துகிற பொருள் வணிக நோக்கத்தில் சேராது, அதனால் நம்மைப் போன்றவர்களும் நுகர்வோர் ஆணையத்துக்குப் போகலாம். 1915 என்ற உதவி எண்ணில் முதலில் கேட்டுக்கொள்ளலாம். ஆனால் தாளில் எழுதிக் கையெழுத்துப் போட்ட நிபந்தனையோடு மல்லுக்கட்ட வேண்டியிருக்கும். வழக்குக்கு அலைகிற நாளும் கடலுக்குப் போகாத நாள்தானே.

எல்லாருக்கும் வேண்டாம் என்று சொல்ல மாட்டேன். 40, 60 குதிரைத்திறனில் எரிபொருள் இன்ஜெக்‌ஷன் வைத்த ஃபோர் ஸ்ட்ரோக் எடுப்பவர்கள் யோசிக்கலாம். அதில் கம்ப்யூட்டர் பெட்டி, சென்சார் எல்லாம் இருக்கிறது, போனால் கரை மெக்கானிக் கை வைக்க முடியாது, சாமான் விலையும் அதிகம். சுற்றுலாப் படகுக்கோ சொந்த உல்லாசத்துக்கோ வாங்குபவர் என்றால் சர்வீஸ் கணக்கும் தாங்கும். ஆனால் திட்டம் எஞ்சின் கம்பெனியுடையதா, கடையுடையதா என்று பார்த்துவிடுங்கள், கடையுடையது என்றால் கடை மூடினால் தாளும் மூடும். திருட்டு, கடலில் தொலைந்துபோவது இதெல்லாம் எந்த வாரண்டியிலும் வராது, அதற்கு இன்சூரன்ஸ் தனி.

நான் 16,520-ஐக் கையில் வைத்துக்கொண்டேன். அதிலிருந்து இரண்டு இம்பெல்லர், ஆயில் சீல், பிளக், ஒரு சிடிஐ வாங்கி வீட்டில் ஒரு பெட்டியில் போட்டிருக்கிறேன், மிச்சத்தை மெக்கானிக் கூலிக்கு ஒதுக்கிவிட்டேன். கரை ஏறியதும் டிரம்மில் நல்ல தண்ணீர் ஊற்றி எஞ்சினைப் பத்து நிமிஷம் ஓட்டிக் கழுவுகிறேன். பழைய எஞ்சினுக்கு அதைச் சோம்பேறித்தனத்தில் செய்யவில்லை, ஒத்துக்கொள்கிறேன்.

எஞ்சினுக்கு ஐந்துக்கு நாலரை கொடுப்பேன், கூடுதல் வாரண்டிக்கு ஒன்று. அந்த ஒன்றும் பணம் கட்டும் முன்பே தாளைக் கையில் கொடுத்துப் படிக்க விட்டதற்காக. பழைய கடையில் பணம் கட்டிய பிறகுதான் காட்டினார்கள்.