தனிநபர் நடிப்பு: யாரைப் பார்த்துப் பேசுவது?

மேடையில் ஒருவர் மட்டும் பேசும்போது முதலில் முடிவு செய்ய வேண்டியது, அவர் யாரிடம் பேசுகிறார் என்பதைத்தான். கண்ணுக்குத் தெரியாத ஒரு பாத்திரத்திடமா, நேரே அவையினரிடமா?

முதல் வழியில் பெயர் பெற்றவர் அமெரிக்க நடிகை ரூத் டிரேப்பர் (1884–1956). ஒரு சால்வை, ஒன்றிரண்டு பொருள்கள், அவ்வளவுதான். மேடை முழுக்க ஆட்கள் இருப்பதாக நம்ப வைத்துவிடுவார். இதில் வேலை நுணுக்கமானது. எதிரில் நிற்பவரின் உயரத்துக்குப் பார்வை நிலைக்க வேண்டும்; அது அரை அடி நகர்ந்தாலும் ஆள் காணாமல் போவார். அவர் பதில் சொல்லும் நேரத்துக்கு இடைவெளியும் விட வேண்டும். “என்ன, நீ வரவில்லையா?” என்று அந்தப் பதிலைத் திருப்பிச் சொல்வது சோம்பேறித்தனம். சற்று நிறுத்தி, “சரி, சாவியைக் கொடு” என்றால் போதும், மீதியை அவை புரிந்துகொள்ளும்.

இரண்டாவது வழிக்கு அமெரிக்க நடிகர் ஸ்பால்டிங் கிரே. ஒரு மேசை, ஒரு தம்ளர் தண்ணீர், ஒரு குறிப்பேடு. வரிக்கு வரி மனப்பாடம் செய்யாமல் குறிப்புகளை வைத்தே பேசுவார். அவையின் சிரிப்பும் மௌனமும் பேச்சை மாற்றும். பார்க்க எளிது, ஆனால் கட்டமைப்பு இல்லாவிட்டால் வெறும் அரட்டையாகிவிடும்.

புதியவர்களுக்கு நான் முதல் வழியையே சொல்வேன். அதில் பிழை உடனே தெரிந்துவிடும், திருத்துவதும் சுலபம். நேரடிப் பேச்சில் சொந்தக் கவர்ச்சியை வைத்து எவ்வளவோ மறைத்துவிடலாம்.